எழில்மொழியின் தாடை

வாயைத் திறந்தால் இடது காதுக்கு முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். ஆடி மாதம் அது ஆரம்பித்தபோது எழில்மொழிக்கு மட்டும்தான் கேட்டது. ஐப்பசி வருவதற்குள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற கணவன் தமிழ்மாறனுக்கும் கேட்டது. யாரோ விரலைச் சொடுக்குகிற மாதிரி இருக்கிறது என்றான். வடையைக் கடித்தால் சத்தம், கொட்டாவி விட்டால் சத்தம், பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒளிவிலகல் நடத்தினால் சத்தம். திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை அவள். நாளெல்லாம் பேசியே ஆகவேண்டிய வேலை. சத்தத்தின் பின்னாலேயே வலியும் வந்து காதுக்குள் குடியேறிய பிறகுதான் வைத்தியம் பார்க்கக் கிளம்பினாள்.

காது வலித்தால் காது மருத்துவரிடம்தானே போவார்கள்? கும்பகோணத்தில் ஒருவர் விளக்கடித்துப் பார்த்தார், அழுக்கு எடுத்தார், சொட்டு மருந்து எழுதினார். மறுமுறை போனபோது, காதில் ஒன்றுமே இல்லை, பல்லைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். பல்லைப் பார்த்தவர் இடது கடைவாய்ப் பல்லில் லேசாகச் சொத்தை இருப்பதாகச் சொல்லி, வேர் சிகிச்சை செய்து, மேலே உறையும் மாட்டினார். உறை பளபளவென்று இருந்தது. வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு யோசனை. கிராம்பை இடுக்கிக்கொள்ளச் சொன்னார் ஒருவர். நன்றாக மென்று பழகினால் சரியாகும் என்று சூயிங்கம் வாங்கிக் கொடுத்தார் இன்னொருவர். அதை மென்ற அன்று சாயங்காலம் அவளால் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை. தலைமையாசிரியர் மட்டும் மருந்து எதுவும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, டென்ஷன் ஆகாதீங்க டீச்சர், எல்லாம் டென்ஷன்தான் என்றார். அதற்குப் பிறகு அதையே எல்லோரும் சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் காதிலிருந்து நெற்றிப்பொட்டுவரை விண்ணென்று இழுத்தது.

டென்ஷனுக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. தம்பி பகலவன் தஞ்சாவூரில் ஒரு வங்கியில் வேலை பார்த்தான். கூட வேலை பார்க்கும் ஜூலியட்டைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டான். அம்மா இறந்து நாலைந்து வருடமாகிறது. அதனால் அவன் முதலில் வந்து நின்றது அக்காவிடம்தான். அவளுக்கு அந்தப் பெண்ணைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அப்பா கோவிந்தராசுவிடம் உட்கார்ந்து பேசி, கோபித்துக்கொண்டு எழுந்து போய், திரும்பவும் வந்து பேசிச் சம்மதம் வாங்கியவள் அவள்தான்.

சம்மதம் வாங்கினதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கோவிந்தராசு பண்ணையாளின் மகனாகப் பிறந்து, குத்தகைக்கு உழுது, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியவர். விசேஷ நாட்களில் கறுப்புச் சட்டை போடுகிறவர். சடங்கு இல்லாமல், தாலி இல்லாமல், மேடையில் மாலை மாற்றி உறுதிமொழி சொல்லித்தான் தன் கல்யாணமும் மகள் கல்யாணமும் நடந்தன, மகனுடையதும் அப்படித்தான் நடக்கும் என்றார். ஜூலியட்டின் குடும்பம் பூதலூர்ப் பக்கம். கத்தோலிக்கர்கள். அவள் அம்மா செபஸ்தியம்மாளுக்குக் கோயிலில் பூசை வைத்து, சாமியார் மந்திரித்துக் கொடுத்த தாலியை மாப்பிள்ளை கட்டாத கல்யாணம் கல்யாணமே இல்லை. இந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் நேரில் பேசிக்கொள்ள மாட்டார்கள். மரியாதையாம். அவர் சொல்ல வேண்டியதை எழில்மொழியிடம் சொல்வார், அந்த அம்மாளும் எழில்மொழியிடம் சொல்வார். கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் அவள் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டே குழம்பு தாளித்தாள், துணி மடித்தாள், விடைத்தாள் திருத்தினாள். காலையில் கோயிலில் உங்கள் முறைப்படி, சாயங்காலம் மண்டபத்தில் எங்கள் முறைப்படி என்று அவள் முதல் வாரமே சொல்லிப் பார்த்தாள். அது சரிவராது என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் சொல்லிவிட்டன. அந்த ஒன்றில்தான் இரண்டு பேருக்கும் ஒற்றுமை.

தை மாதக் கடைசியில் நிச்சயதார்த்தத்துக்கு மட்டும் நாள் குறித்தார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்னால் அந்த ‘டக்’ திடீரென்று நின்றுபோனது. எழில்மொழி வாயைத் திறந்து மூடிக் கணவனிடம் காட்டினாள். சனியன் விட்டது என்று இருவரும் சந்தோஷப்பட்டார்கள். நிச்சயதார்த்தத்தன்று காலையில் பல் துலக்கப் போனபோது பிரஷ் உள்ளே போகவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். வாய் ஒரு விரல் அளவுக்குத் திறந்து, அதற்கு மேல் வராமல் ஏதோ தடுத்து நிறுத்தினதுபோல நின்றது. பலவந்தமாகத் திறந்தால் தாடை இடது பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது.

போகாமல் இருக்க முடியுமா? அம்மா இடத்தில் நிற்க வேண்டியவள் அவள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காரில் ஏறினாள். சாலை நெடுக அறுப்பு நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். வண்டி அதன் ஓரமாக ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரு கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

பெண் வீட்டில் வாசலிலேயே செபஸ்தியம்மாள் கையைப் பிடித்து அழைத்துப் போனார். எழில்மொழி சிரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. யார் என்ன கேட்டாலும் பல் இடுக்கு வழியாகத்தான் பதில் வந்தது. அதில் எந்தச் சொல்லும் நயமாக ஒலிக்கவில்லை. மோதிரம் மாற்றிப் பந்தி போட்டார்கள். இலையில் ஆட்டுக்கறி பிரியாணி, எலும்போடு பெரிய பெரிய துண்டுகள். செபஸ்தியம்மாளே நின்று அவளுக்குப் பரிமாறினார். எழில்மொழி நாலு பருக்கையை விரலால் நசுக்கி உள்ளே தள்ளிப் பார்த்தாள். மெல்ல முடியவில்லை. தயிர்ப் பச்சடியை மட்டும் உறிஞ்சினாள்.

“ஏம்மா, கையே வைக்கல? காரம் சேராதா?” என்று செபஸ்தியம்மாள் கேட்டார்.

வாய் திறக்கவில்லை, தாடை பிடித்துக்கொண்டது என்று அவள் சொன்னாள். அந்த அம்மாளுக்கு அதில் பாதிதான் புரிந்தது. பக்கத்து இலையிலிருந்து தமிழ்மாறன், அவளுக்குக் கொஞ்ச நாளாகக் காதுவலி என்று உதவிக்கு வந்தான். எதிர்ப் பந்தியிலிருந்து கோவிந்தராசு மருமகனைப் பார்த்து, இல்லைங்க, பல்லுக்கு வைத்தியம் பண்ணியிருக்கா என்றார். பந்தியைச் சுற்றி வந்துகொண்டிருந்த பகலவன், அக்காவுக்கு டென்ஷன், வேறொன்றும் இல்லை என்று முடித்துவைத்தான். ஒருத்தர் காது என்கிறார், ஒருத்தர் பல் என்கிறார், ஒருத்தர் டென்ஷன் என்கிறார். செபஸ்தியம்மாள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் எழில்மொழி பக்கம் வரவே இல்லை.

 திரும்பும் வழியில், திருவையாறு தாண்டியதும் கோவிந்தராசு பேசினார்.

“நம்ம வீட்டுல தண்ணி குடிக்காம எழுந்து போனவங்கள நான் பார்த்திருக்கேன் எழிலு. எங்கப்பன் மூஞ்சி அன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். நீ இன்னொரு வீட்டுல போயி அதப் பண்ணலாமா?”

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்குக் கத்தியிருக்க வேண்டும். கத்துவதற்கும் வாய் திறக்க வேண்டுமே.

மறுநாள் பகலவன் போனில் பேசினான். செபஸ்தியம்மாள் அழுதாராம். மாப்பிள்ளையின் அக்காவுக்கு நம்மைப் பிடிக்கவில்லை, பிடிக்காத வீட்டில் எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்று கேட்டாராம்.  பிறகு, “என் கல்யாணத்தாலதான் உனக்கு இப்படி ஆச்சா அக்கா? உண்மையச் சொல்லு. பிடிக்கலன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல” என்றான்.

எழில்மொழி போனைக் கட்டில்மேல் எறிந்தாள். இந்தக் கல்யாணத்துக்காக அப்பாவோடு மல்லுக்கு நின்றவள் அவள். இரண்டு வீட்டுக்கும் தபால்காரி வேலை பார்த்தவள் அவள். கடைசியில் கல்யாணம் பிடிக்காதவள் என்று பெயரும் அவளுக்கே. சமையலறையில் நின்று கஞ்சியை ஸ்ட்ராவில் உறிஞ்சிக்கொண்டு அழுதாள். அழுதாலும் தாடை வலித்தது.

தமிழ்மாறன்தான் தன் அலுவலகத்தில் யாரையோ விசாரித்துக்கொண்டு வந்தான். தஞ்சாவூரில், மருத்துவக் கல்லூரி சாலையில் அனுராதா என்று ஒரு மருத்துவர். முகம், தாடைக்கென்றே படித்தவர். அவர் என்ன சொல்லுவார், நாக்கில் கோளாறு என்பாரா என்று கேட்டுக்கொண்டே எழில்மொழி கிளம்பினாள். அங்கே போனால் வாசலில் ஜூலியட் நின்றுகொண்டிருந்தாள். பகலவன் மூலம் தெரிந்துகொண்டு, வங்கியில் அரைநாள் விடுப்பு எடுத்து, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வந்திருந்தாள். அக்கறையில் வந்தாளா, நோய் நிஜமா என்று பார்க்க வந்தாளா என்று எழில்மொழிக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிற்பாடு ஜூலியட்டே ஒத்துக்கொண்டாள்.

மருத்துவர் அனுராதா முதலில் விளக்கையோ ஊசியையோ எடுக்கவில்லை. மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் விட்டுப் பார்க்கச் சொன்னார். சாதாரணமாக எல்லோருக்கும் அது நுழையுமாம். எழில்மொழிக்கு ஒன்றோடு நின்றது. இரண்டு காதுக்கும் முன்னால் தன் விரல்களை வைத்துக்கொண்டு திற, மூடு என்றார். கழுத்தை, பொட்டை, கன்னத்தை அமுக்கிப் பார்த்தார். ஒவ்வொரு இடத்தில் அமுக்கும்போதும் எழில்மொழி துள்ளினாள்.

“முன்னாடி சத்தம் கேட்டுதா?”

“கேட்டுது. ஒரு வாரமா நின்னுபோச்சு. சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்.”

“அதுதான் இல்ல” என்று மேசையிலிருந்த மண்டையோட்டுப் பொம்மையை எடுத்தார். காதை ஒட்டி முன்னால் கீழ்த்தாடை மண்டையோடு சேரும் இடத்தைக் காட்டினார். அங்கே இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு சின்ன வட்டு இருக்கிறது. வாய் திறக்கும்போது எலும்பும் வட்டும் ஒன்றாக முன்னால் நகர வேண்டும். வட்டு இடம் பிசகி முன்னால் போய்விட்டால், வாய் திறக்கும்போது எலும்பு அதன்மேல் ஏறுகிறது. அந்தச் சத்தம்தான் ‘டக்’. பிசகின வட்டு ஒருநாள் எலும்புக்கு வழிவிடாமல் முன்னாலேயே மடங்கி நின்றுவிடும். அப்போது சத்தம் நின்றுபோகும், வாயும் பூட்டிக்கொள்ளும். காதுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வலி காதில் இருப்பதுபோலத் தோன்றும்.

தன் வலிக்கு ஓர் உருவமும் இடமும் இருப்பதை எழில்மொழி முதல்முறையாகப் பார்த்தாள். நிம்மதியாகவும் இருந்தது, இத்தனை மாதம் யாரும் இதைக் காட்டவில்லையே என்று எரிச்சலாகவும் இருந்தது.

மருத்துவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். எப்போதாவது விழுந்து முகத்தில் அடிபட்டதா? போன வருடம் அணைக்கரைச் சாலையில் ஸ்கூட்டியோடு குழியில் விழுந்து முகவாயில் தையல் போட்டதை அவள் சொன்னாள். எந்தப் பக்கம் மெல்லுகிறீர்கள்? வலது பக்கம் ஒரு கடைவாய்ப் பல்லைக் கல்லூரி நாளிலேயே பிடுங்கியாயிற்று; அதனால் எப்போதும் இடதுதான். தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்களா? இல்லை என்றாள் உறுதியாக. தமிழ்மாறன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடிப்பாங்க டாக்டர், எலி பலகையைக் கொறிக்கிற மாதிரி கேட்கும் என்றான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் இதைச் சொன்னதே இல்லை. சொன்னால் கோபம் வருமென்று விட்டுவிட்டானாம். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

போனை எப்படிப் பிடிப்பீர்கள் என்றார் மருத்துவர். எழில்மொழி தலையைச் சாய்த்துத் தோளைத் தூக்கிக் காட்டினாள். அப்போது ஜூலியட் மெல்லச் சொன்னாள். “அண்ணி எங்க வீட்டுக்குப் பேசுறப்பல்லாம் பின்னாடி குக்கர் விசில் கேட்கும் டாக்டர். அம்மா மணிக்கணக்கா பேசுவாங்க. அண்ணி ஒருநாள்கூட வச்சிடுறேன்னு சொன்னதில்ல.” சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிவிட்டது.

“இதுல எதுதான் டாக்டர் காரணம்? ஒண்ணைச் சொல்லுங்க. எங்க வீட்டுல எல்லாரும் டென்ஷன், டென்ஷன்னே சொல்றாங்க. தம்பி தன் கல்யாணத்தாலன்னு நினைக்கிறான்” என்றாள் எழில்மொழி.

“டென்ஷன் மட்டும் போதும்னா பாதி ஊருக்குத் தாடை பூட்டியிருக்கணுமே” என்றார் மருத்துவர். “ஒண்ணைக் கை காட்ட முடியாதும்மா. விழுந்ததுல மூட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். ஒரே பக்கம் மென்னது, பல்லைக் கடிக்கிறது, போனை இடுக்குறது, எல்லாம் அதும்மேல ஏறி உட்கார்ந்திருக்கு. மனசுல பாரம் இருந்தா பல்லைக் கடிக்கிறது கூடும், வலியும் பெருசாத் தெரியும். அவ்வளவுதான் அதோட பங்கு. சில பேருக்கு எதுவுமே இல்லாம வரும். எங்களுக்கே புரியாது.”

எழில்மொழிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஒரே குற்றவாளியைப் பிடித்து நிறுத்தினால் தேவலை என்றிருந்தது. ஆனால் பொய்யாகவும் படவில்லை.

கையுறை மாட்டிக்கொண்டு, கட்டைவிரலைக் கீழ்க் கடைவாய்மேல் வைத்து மருத்துவர் தாடையைக் கீழே அழுத்தி நிதானமாக முன்னால் இழுத்தார். ஜூலியட்டின் மணிக்கட்டை எழில்மொழி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஏதோ நழுவினதுபோல இருந்தது. இரண்டு விரல் போனது. முழுசாகத் திறக்க மாதக்கணக்கு ஆகும், பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டியிருக்காது என்றார். தூங்கும்போது பல் கடிபடாமல் மாட்டிக்கொள்ள ஒரு பல்தாங்கி, வெந்நீர் ஒத்தடம், தாடைக்குப் பயிற்சி, கொஞ்ச நாளைக்குக் குழைந்த சாப்பாடு, முடிந்தவரை குறைவான பேச்சு. கடைசியாக ஒன்று: சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

வாயை மூடுவதென்றால் பல்லைச் சேர்ப்பது என்றுதான் அவள் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அன்றிலிருந்து தன்னையே வேவு பார்க்க ஆரம்பித்தாள். விடைத்தாள் திருத்தும்போது பல் இறுகியிருந்தது. ஸ்கூட்டி குழியில் இறங்குவதற்கு முன்னாலேயே இறுகியது. போனில் அப்பா பெயர் தெரிந்ததும் இறுகியது. கோபத்தில் மட்டும்தான் கடிக்கிறாள் என்று பார்த்தால், பிடித்தமான ஒரு கணக்கைச் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டிருக்கும்போதும் இறுகியிருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூலியட் அன்றைக்கே வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் செபஸ்தியம்மாள் மகனை வண்டி ஓட்டச் சொல்லி நேராகவே வந்துவிட்டார். கையில் ஒரு தூக்கு. கறியைப் பஞ்சாக வேகவைத்து அரைத்து ஊற்றின சூப்பு. உட்காரக்கூட இல்லை.

“எங்க வீட்டுச் சாப்பாடு உங்களுக்கு ஆகலன்னு நினைச்சுட்டேம்மா. நாங்களும் அதெல்லாம் பட்டவங்கதான். அதான் பொறுக்கல.”

“எனக்கும் அதேதான் அத்தை பொறுக்கல, நான் அப்படிப் பண்ணுவேன்னு நீங்க நினைச்சது” என்று எழில்மொழி சொன்னாள். சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்து சூப்பைக் குடித்தாள். உப்புக் கொஞ்சம் கூடியிருந்தது.

குடித்து முடித்ததும் தாலி விஷயம் என்று செபஸ்தியம்மாள் ஆரம்பித்தார். எழில்மொழி கையை உயர்த்தினாள். பேசக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், இனிமேல் அப்பாவிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கோவிந்தராசுவின் எண்ணை அழுத்திப் போனை அந்த அம்மாளின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.  சம்பந்தியம்மா சௌக்கியமா, சம்பந்தி சௌக்கியமா என்றே கொஞ்ச நேரம் போனது. பிறகு நெல் கொள்முதல், கோடை உளுந்து, கீழத்தெருத் தண்ணீர்த் தொட்டி என்று எங்கெங்கோ சுற்றினார்கள். எழில்மொழி துணி மடித்து முடிப்பதற்குள் செபஸ்தியம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார். காலையில் கோயிலில் தாலி கட்டுவதாம். சாயங்காலம் மண்டபத்தில் மாலை மாற்றி உறுதிமொழியாம். உங்கப்பாதான் இந்த யோசனையைச் சொன்னார், எவ்வளவு நல்ல மனுஷன் என்றார்.

எழில்மொழி மடித்த துணியையெல்லாம் எடுத்து உதறி மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள்.

பகலவன் வந்து அக்காவின் காலடியில் உட்கார்ந்தான். அவன் கல்யாணத்துக்கு அந்தத் தாடையில் பங்கு இல்லையென்று அவள் பொய் சொல்லவில்லை. உண்டு, அணைக்கரைக் குழிக்கு உள்ள பங்கைவிடக் குறைவு என்றாள். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

மாப்பிள்ளை மதம் மாறாமலே கோயிலில் கட்டிக்கொள்ள பிஷப்பின் ஆயரகத்து அனுமதி வந்து, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முடிந்து, சித்திரையில் கல்யாணம் நடந்தது. கோவிந்தராசு கறுப்புச் சட்டையோடு கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தார்; எல்லோரும் முழந்தாளிட்டபோது அவர் மட்டும் கைகட்டி நிமிர்ந்து இருந்தார்.  எழில்மொழிக்கு அதற்குள் இரண்டரை விரல் திறந்தது. வலி தினமும் வருவதில்லை. வந்தாலும் ஏனென்று தெரிந்திருந்தது.

சாயங்காலம் மண்டபத்தில், மணமகனின் அக்கா நான்கு வார்த்தை பேச வேண்டும் என்று மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். பேசியிருக்கலாம். அன்று தாடைக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் எழில்மொழி எழுந்திருக்கவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு முடியாது என்று தலையசைத்தாள். அவ்வளவுதான், நாலா பக்கமும் உச்சுக்கொட்டினார்கள். செபஸ்தியம்மாள், பாவம் அந்தப் பொண்ண விடுங்க, தாடைக்குள்ள வட்டு பிசகியிருக்கு என்று பக்கத்து வரிசைக்கெல்லாம் கையால் அபிநயம் பிடித்து விளக்கிக்கொண்டிருந்தார். நிஜமாகப் பூட்டிக்கொண்டபோது நம்பாத அத்தனை பேரும் பொய்யை உடனே நம்பினார்கள்.

அவளுக்குப் பதிலாகக் கோவிந்தராசு ஒலிபெருக்கியைப் பிடித்தார். மணமக்களை வாழ்த்த ஆரம்பித்தவர் பண்ணையில் வேலை பார்த்த தன் அப்பாவுக்குப் போய், அங்கிருந்து காவிரித் தண்ணீருக்குப் போய், திரும்பி வருகிற வழியாகத் தெரியவில்லை. கீழே பந்திக்கு இலை போட்டுச் சாதமும் வைத்தாயிற்று. எழில்மொழி பொறுத்துப் பார்த்தாள். பிறகு தமிழ்மாறனின் முழங்கையைப் பிடித்து இழுத்து, போய் அப்பாவை மேடையிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு வாருங்கள், சாதம் ஆறுகிறது என்று அனுப்பினாள்.